2147483647: ஒரு பகா எண்ணைப் பற்றி வாசகர்கள் கேட்டவை

கணிதப் பகுதிக்கு இம்முறை வந்த கேள்விகளுள் பல 2147483647 என்ற ஒரே எண்ணைச் சுற்றி அமைந்திருந்தமையால், அவற்றை ஒன்றாகத் தொகுத்து விடை எழுதியுள்ளோம். 214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647 என்று படிக்கப்படும் இந்த எண், 2-இன் 31-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது. அதாவது 2³¹ − 1. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத பகா எண் இது.

கேள்வி: நான் நிரல் எழுதக் கற்று வரும் மாணவி. ஒரு முழு எண் மாறியில் அடங்கக்கூடிய மிகப் பெரிய மதிப்பு 2147483647 என்று படித்தேன். அது பகா எண் என்பதால்தான் அந்த எல்லையைத் தேர்ந்தெடுத்தார்களா?

இல்லை. அந்த எல்லையை யாரும் எண்ணின் பண்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. அது இடத்தின் அளவால் தானாக அமைந்தது. 32 பிட்டுகள் (0 அல்லது 1 என்ற இரும இலக்கங்கள்) கொண்ட இடத்தில் ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்காகப் போய்விட, எஞ்சும் 31 பிட்டுகளிலும் 1 என்று எழுதினால் கிடைக்கும் மதிப்பு 2³¹ − 1. அது பகா எண்ணாகவும் இருப்பது தற்செயலே. 16 பிட் இடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண்ணான 32767 பகா எண் அன்று. அது 7 × 31 × 151. 64 பிட் இடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண்ணான 9223372036854775807 என்பதும் 7-ஆல் மீதியின்றி வகுபடும்.

இதற்கான காரணம் எளிது. அடுக்கில் உள்ள எண்ணைக் காரணிகளாகப் பிரிக்க முடிந்தால், 2-இன் அந்த அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண்ணையும் பிரித்துவிடலாம். 15 என்பது 3 × 5 ஆதலால், 2¹⁵ − 1 என்பது 2³ − 1 ஆகிய 7-ஆலும் 2⁵ − 1 ஆகிய 31-ஆலும் வகுபட்டே தீரும். 63-ம் 3-இன் மடங்கு ஆதலால் 2⁶³ − 1 என்பதற்கும் 7-இலிருந்து தப்ப வழியில்லை. ஆகவே இந்த வடிவ எண் பகா எண்ணாக இருக்க வேண்டுமானால் அடுக்கும் பகா எண்ணாக இருத்தல் கட்டாயம். ஆனால் அது மட்டும் போதாது: 11 பகா எண்தான், எனினும் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. 31 இந்தக் கண்டத்தைத் தாண்டிய அடுக்குகளுள் ஒன்று, இவ்வரிசையில் எட்டாவது.

எல்லை என்ற முறையில் இந்த எண் உலகத்துக்கு இன்னொரு வேலையும் வைத்திருக்கிறது. 1970 தொடக்கம் முதல் கழிந்த நொடிகளை 32 பிட் இடத்தில் எண்ணி வரும் பழைய கணிப்பொறி அமைப்புகளில், அந்த எண்ணிக்கை 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு 2147483647-ஐ எட்டும். அடுத்த நொடியில் குறி மாறி, கடிகாரம் 1901 டிசம்பருக்குத் திரும்பிவிடும். அதற்குள் அவற்றை 64 பிட்டுக்கு மாற்றியாக வேண்டும்.

கேள்வி: கணிப்பொறி இல்லாத 18-ஆம் நூற்றாண்டிலேயே கணிதர் ஆய்லர் இதைப் பகா எண் என்று நிறுவினார் என்கிறார்கள். பத்து இலக்க எண்ணைக் கையால் எத்தனை எண்களால் வகுத்துப் பார்த்திருக்க முடியும்? பள்ளி ஆசிரியராகிய நான் இதை மாணவர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

இந்தக் கேள்விக்கு விரிவாகவே விடை சொல்ல வேண்டும். ஏனெனில் இந்த எண்ணின் உண்மையான அழகு இங்கேதான் இருக்கிறது.

முதலில் சற்று வரலாறு. இத்தாலியக் கணிதர் கத்தால்தி 2¹⁷ − 1, 2¹⁹ − 1 ஆகிய இரண்டையும் சிறு பகா எண்களால் வரிசையாக வகுத்துப் பார்த்து அவை பகா எண்களே என்று சரியாக நிறுவினார். அத்துடன் நில்லாமல் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண்களைத் தரும் என்று 1603-இல் வெளியான நூலில் எழுதினார். இந்த நான்கில் சரியானது 31 மட்டுமே. 23, 37 ஆகிய இரண்டும் தவறு என்று 1640-இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா கண்டார். 29 தவறு என்று பின்னர் ஆய்லர் காட்டினார். 1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் வெளியிட்ட பட்டியலிலும் 31 இருந்தது, நிறுவல் இல்லை. இன்று இவ்வகை எண்கள் அவர் பெயரால்தான் மெர்சென் பகா எண்கள் எனப்படுகின்றன.

இனி வேலையின் அளவைப் பார்ப்போம். ஓர் எண் பகு எண்ணாக இருந்தால், அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத பகா காரணி ஒன்று அதற்கு இருந்தே தீரும். 2147483647-இன் வர்க்கமூலம் 46340-க்கும் 46341-க்கும் இடையில் உள்ளது. அந்த எல்லைக்குள் ஏறத்தாழ 4,800 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் வகுத்துப் பார்ப்பது கையால் முடியாத காரியம் அன்று. ஆனால் முதலில் அத்தனை பகா எண்களின் பட்டியல் வேண்டும், அதன் பின் ஒரு வகுத்தலிலும் பிழை நேரக்கூடாது. ஆய்லர் அந்த வழியில் போகவில்லை. வகுக்கத் தொடங்கும் முன்பே, இந்த எண்ணுக்குக் காரணி என்று ஒன்று இருந்தால் அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று கேட்டார்.

காரணியாக இருக்கக்கூடிய ஒரு பகா எண்ணை ‘ப’ என்று வைத்துக்கொள்வோம். 2³¹ − 1 என்பது ப-ஆல் வகுபடுமானால், 2³¹-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 1. மறுபுறம், ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 2-இன் (ப − 1)-ஆம் அடுக்கை ப-ஆல் வகுத்தாலும் மீதி 1. மீதி 1 தரும் அடுக்குகள் யாவும், அவற்றுள் மிகச் சிறியதன் மடங்குகளாகவே இருக்கும். 31 அவற்றுள் ஒன்று. 31-ஓ பகா எண். ஆகவே மிகச் சிறிய அடுக்கு 1 அல்லது 31. அது 1 ஆக இருக்க முடியாது, 2-ஐ எந்த எண்ணால் வகுத்தாலும் 1 மீதி வராது. எனவே அது 31. அப்படியானால் ப − 1 என்பது 31-இன் மடங்கு. ப ஒற்றைப்படை எண் ஆதலால் ப − 1 இரட்டைப்படை. ஆகவே அது 62-இன் மடங்கு. ஒரே வாதத்தில் பெரும்பாலான பகா எண்கள் விலகிவிட்டன.

இதற்கு மேல் இன்னொரு வடிகட்டியும் உண்டு. 2³²-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது ப-ஆல் வகுக்கும்போது 2 என்ற மீதி ஒரு வர்க்க எண்ணிலிருந்து வருகிறது. இந்தப் பண்பு, 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி வரும் பகா எண்களுக்கு மட்டுமே உண்டு. இந்த நிபந்தனையையும் 62-இன் நிபந்தனையையும் சேர்த்தால், காரணி 248க + 1 அல்லது 248க + 63 (க ஒரு முழு எண்) என்ற இரண்டு வடிவங்களுள் ஒன்றில்தான் இருக்க முடியும். 46340-க்குள் இவ்விரு வடிவங்களிலும் வரும் எண்கள், 1-ஐயும் 63-ஐயும் நீக்கினால், மொத்தம் 372. அவற்றுள்ளும் பகு எண்களை விட்டுவிட்டால் மிஞ்சுவன ஏறத்தாழ எண்பதே.

வகுப்பறையில் இதைச் செய்தே காட்டலாம். முதல் பத்து எண்கள் 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303. இவற்றில் 311, 1303 இரண்டு மட்டுமே பகா எண்கள். 2147483647-ஐ 311-ஆல் வகுத்தால் மீதி 35. 1303-ஆல் வகுத்தால் மீதி 226. முழு வேலையையும் வகுப்பு மாணவர்களுக்குப் பகிர்ந்தளித்தால் ஆளுக்கு இரண்டு மூன்று வகுத்தல்களோடு முடிந்துவிடும், ஆய்லரின் முடிவை அந்த வகுப்பே சரிபார்த்ததாகவும் ஆகும். பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி ஒன்றை என்னால் எண்ண முடியவில்லை.

கத்தால்தி தவறிய இடங்களையும் இதே முறையில் காட்டுவது நல்லது. அடுக்கு 23 என்றால் காரணி 46-இன் மடங்கைவிட ஒன்று கூடியதாக இருக்க வேண்டும். முதலில் வருவதே 47. அது 2²³ − 1-ஐ மீதியின்றி வகுத்துவிடுகிறது. அடுக்கு 29-க்கு 58-இன் மடங்குகள். நான்காவதாக வரும் 233 அந்த எண்ணை வகுக்கிறது. அடுக்கு 37-க்கு 74-இன் மடங்குகள். மூன்றாவதாக வரும் 223 காரணி. எண்ணின் வடிவத்தைக் கவனித்திருந்தால், பல நாள் உழைப்பில்லாமலேயே கத்தால்தி இவற்றைக் கண்டிருப்பார்.

ஆய்லர் இந்த முடிவை 1772-இல் பெர்னூலி குடும்பத்துக் கணிதர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தின் வாயிலாக அறிவித்தார். அப்போது அவர் புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்தார். வயது அறுபதைத் தாண்டி, பார்வையும் ஏறத்தாழ முற்றிலும் போயிருந்தது. அதுவரை அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண் 6700417. அதையும் நாற்பது ஆண்டுகளுக்கு முன், 2³² + 1 = 641 × 6700417 என்று பிரித்துக் காட்டியவர் அவரே.

கேள்வி: எந்தக் காரணியையும் தேடாமல், ஓர் எண் பகா எண் என்று முடிவு செய்ய முடியுமா?

முடியும். மெர்சென் வடிவ எண்களுக்கு லூக்காஸ் 1870-களில் கண்டு, லேமர் 1930-இல் செம்மைப்படுத்திய சோதனை ஒன்று உண்டு. 4-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் எண்ணை வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைந்த தடவைகள் இவ்வாறு செய்த பின் மீதி 0 ஆனால் அது பகா எண். இல்லையேல் பகு எண்.

2⁷ − 1 ஆகிய 127-க்குச் செய்து பார்ப்போம். 4, அடுத்தது 14, அடுத்தது 194, அதன் மீதி 67, அடுத்தது 4487, மீதி 42, அடுத்தது 1762, மீதி 111, அடுத்தது 12319, அது சரியாக 127 × 97, மீதி 0. ஐந்து படிகளில் 127 பகா எண் என்று உறுதியாயிற்று. 2147483647-க்கு 29 படிகள் போதும்.

வகுத்தலைக்கூடத் தவிர்க்கலாம் என்பது இதில் கூடுதல் வசதி. 9-ஆல் வகுத்த மீதியை அறிய நாம் இலக்கங்களைக் கூட்டுகிறோம் அல்லவா? 10-ஐ 9-ஆல் வகுத்தால் 1 மீதி வருவதே அதற்குக் காரணம். அதேபோல் 2³¹-ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி 1 ஆதலால், இரும முறையில் எழுதிய நீண்ட எண்ணை 31 இலக்கங்கள் கொண்ட துண்டுகளாக வெட்டிக் கூட்டினால் போதும். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, 4 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கொண்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணை உறுதி செய்தபோதும் லூக்காஸ்–லேமர் சோதனை பயன்பட்டது.

கேள்வி: இந்த எண்ணுக்கு வேறு என்ன சிறப்புப் பண்புகள் உண்டு?

அக்கம்பக்கத்தில் தொடங்குவோம். இதைவிட 2 குறைந்த 2147483645 என்பது 5-ஆல் வகுபடும். 2 கூடிய 2147483649 என்பது 3 × 715827883. ஆகவே இதற்கு இரட்டைப் பகா எண் துணை இல்லை. ஆனால் அந்த 715827883 தானே ஒரு பகா எண். இந்த எண்ணை இரட்டித்து 1 கூட்டினால் வரும் 4294967295 என்பது 3 × 5 × 17 × 257 × 65537. இன்றுவரை அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்கள் (அடுக்கே 2-இன் ஓர் அடுக்காக அமைய, 2-இன் அந்த அடுக்கோடு 1 கூட்டி வரும் பகா எண்கள்) ஐந்தும் இந்தப் பெருக்கத்தில் ஒருங்கே வந்து நிற்கின்றன.

4-ஆல் வகுத்தால் 3 மீதி வருவதால், இந்த எண்ணை இரண்டு முழு வர்க்கங்களின் கூட்டலாக எழுத இயலாது. மேலும், இதை 2³⁰-ஆல் பெருக்கினால் கிடைக்கும் 2305843008139952128 ஒரு நிறைவு எண். தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகள் அனைத்தையும் கூட்டினால் மீண்டும் அதே எண் வரும். மெர்சென் பகா எண் ஒவ்வொன்றும் இவ்வாறு ஒரு நிறைவு எண்ணைத் தரும் என்பது யூக்ளிடின் முடிவு. இரட்டைப்படை நிறைவு எண்கள் அனைத்தும் இந்த வழியில் மட்டுமே வரும் என்பது ஆய்லரின் முடிவு.

எனக்கு மிகவும் பிடித்தது இதைவிட 1 குறைந்த எண்ணின் அமைப்பு. 2147483646 என்பது 2 × (2³⁰ − 1). அடைப்புக்குள் இருப்பது இரு வர்க்கங்களின் வேறுபாடு ஆதலால், அது 2¹⁵ − 1, 2¹⁵ + 1 என்று இரண்டாகப் பிரியும். அதாவது 32767 × 32769. முன்னதன் காரணிகளை முதல் விடையிலேயே பார்த்தோம்: 7, 31, 151. பின்னது 9 × 11 × 331. எனவே 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. ஒரு பெரிய பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண், கைக்கடக்கமாக இப்படிச் சிறு காரணிகளாக உதிர்ந்துவிடுவது எப்போதும் நடப்பதன்று. இதன் பயனை அடுத்த விடையில் காணலாம்.

கேள்வி: இவற்றால் நடைமுறைப் பயன் ஏதேனும் உண்டா, அல்லது அறிவுக்கு விருந்து மட்டும்தானா?

இதே ஐயம் முன்பும் எழுந்ததுண்டு. 1811-இல் ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ, மேலே சொன்ன 19 இலக்க நிறைவு எண்ணைக் குறிப்பிட்டு, இவை பயனற்ற வெறும் விந்தைகள் என்பதால் இதைவிடப் பெரியதைத் தேட எவரும் முயலமாட்டார்கள் என்ற கருத்தை எழுதினார். தேடல் நிற்கவில்லை, லூக்காஸ் 1876-இலேயே 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1-ஐப் பகா எண் என்று காட்டினார்.

பயனும் பிற்பாடு வந்தது. கணிப்பொறியில் சமவாய்ப்பு எண்கள் போலத் தோன்றும் எண்வரிசையை உண்டாக்க லேமர் ஒரு வழி சொன்னார்: ஓர் எண்ணை எடுத்து, ஒரு நிலையான எண்ணால் பெருக்கி, ஒரு பகா எண்ணால் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொள்க. வகுக்கும் எண்ணாக 2147483647-ஐயும், பெருக்கும் எண்ணாக 7-இன் ஐந்தாம் அடுக்கான 16807-ஐயும் கொண்ட வடிவம் புகழ்பெற்றது. 1988-இல் பார்க், மில்லர் ஆகிய இருவர் இதைக் குறைந்தபட்சத் தரமாகக் கொள்ளலாம் என்று பரிந்துரைத்தனர். 1-இல் தொடங்கினால் அடுத்தடுத்து 16807, 282475249, 1622650073 என்று வரும். இதை நிரலாக எழுதிப் பார்ப்பவர்கள் பத்தாயிரமாவது படியில் 1043618065 வருகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

16807 ஏன்? 7-இன் அடுக்குகளை 2147483647-ஆல் வகுத்துக்கொண்டே போனால், 1 முதல் 2147483646 வரையுள்ள எல்லா மீதிகளும் ஒருமுறை வந்த பிறகுதான் தொடக்க மீதி திரும்பும். இதைச் சரிபார்க்க இருநூறு கோடிப் படிகள் தேவையில்லை. 2147483646-ஐ அதன் பகா காரணிகளான 2, 3, 7, 11, 31, 151, 331 ஒவ்வொன்றாலும் வகுத்து வரும் அடுக்குகளில் 7-இன் மீதி 1 ஆகவில்லை என்று ஏழே முறை பார்த்தால் போதும். அந்தக் காரணிகளில் 5 இல்லை. ஆகையால் 7-இன் ஐந்தாம் அடுக்குக்கும் அதே முழுச் சுற்று உண்டு. வகுக்கும் எண்ணாக 2³¹-ஐயே கொண்டால் சுற்று அதிகபட்சம் 2²⁹-இல் முடிந்துவிடும். கடைசி இலக்கங்களில் ஒழுங்கு அப்பட்டமாகத் தெரியவும் செய்யும். ஒன்றே ஒன்றைக் குறைத்ததில் இத்தனை வேறுபாடு.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். கடவுச்சொல், வங்கிப் பரிமாற்றம் போன்றவற்றின் பாதுகாப்புக்கு இந்த எண்வரிசை உதவாது. ஓர் எண்ணைக் கண்டவர் அடுத்து வருவது அனைத்தையும் கணக்கிட்டுவிடுவார். அங்கே நூற்றுக்கணக்கான பிட்டுகள் நீளமுள்ள பகா எண்கள் வேண்டும். ஆயினும் அங்கும் 2²⁵⁵ − 19 போன்ற, 2-இன் அடுக்குக்கு மிக அருகிலுள்ள பகா எண்களை விரும்பி எடுக்கிறார்கள். வெட்டிக் கூட்டும் அதே வசதிதான் காரணம்.

கேள்வி: 3, 7, 127 ஆகியவற்றை அடுக்காக வைத்தாலும் பகா எண்ணே கிடைக்கிறது. அப்படியானால் 2-இன் 2147483647-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தாலும் பகா எண் கிடைக்குமா?

கிடைக்காது. அந்த எண்ணுக்கு ஏறத்தாழ 64 கோடியே 65 இலட்சம் இலக்கங்கள் இருக்கும்; இன்று அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணைவிட அது பதினைந்து மடங்குக்கு மேல் நீளம். அதை முழுதாக எழுதாமலேயே அது பகு எண் என்று காட்டிவிடலாம், 295257526626031 என்ற பதினைந்து இலக்க எண் அதை மீதியின்றி வகுக்கிறது. ஆய்லரின் நிபந்தனை இங்கும் அப்படியே பொருந்துவதைக் காணலாம்: அடுக்கு 2147483647 என்றால் காரணி அதன் இருமடங்கின் மடங்கைவிட ஒன்று கூடியதாக இருக்க வேண்டும், இங்கே அந்த மடங்கு 68745. சரிபார்க்க விரும்புவோர் 2-இல் தொடங்கி, வர்க்கப்படுத்துவதையும் 2-ஆல் பெருக்குவதையும் மாறி மாறி முப்பது முறை செய்து, ஒவ்வொரு முறையும் இந்தப் பதினைந்து இலக்க எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டால், இறுதியில் 1 கிடைக்கும்.